தன்னைக் காத்தலும் பிறரைக் காத்தலும்: பெருந்தொற்றுக் காலத்துக் கண் கவசம் பற்றிய ஓர் அறவியல் நோக்கு

கொரோனா பெருந்தொற்றுக் காலத்தில் மனிதர் அணிந்துகொண்ட காப்புப் பொருள்களுள் முகக்கவசமும் கண் கவசமும் ஒரே இனத்தைச் சேர்ந்தவையாகத் தோன்றினாலும், அறவியல் நோக்கில் அவற்றிடையே அடிப்படையான வேறுபாடு ஒன்று உண்டு. முகக்கவசம், அணிபவரின் மூச்சிலும் பேச்சிலும் தெறிக்கும் நுண்திவலைகளைத் தடுத்து எதிரில் இருப்பவரைக் காக்கிறது. அணிபவருக்குக் கிடைக்கும் காப்பு அதனோடு சேர்ந்து வருவது. அதனால்தான் அரசுகளும் சமயத் தலைவர்களும் அதனைப் பிறர் நலம் பேணும் செயலாக எடுத்துரைத்து மக்களை இணங்கச் செய்ய முடிந்தது. கண்ணோ மூச்சு விடுவதில்லை, இருமுவதில்லை, தும்முவதில்லை. ஆகவே விழியைச் சுற்றி இறுக மூடும் பாதுகாப்புக் கண்ணாடி, அணிபவரின் கண்ணைக் காக்கிறதேயன்றி எதிரில் இருப்பவருக்கு நேரடியாக எந்த நன்மையும் செய்வதாகத் தெரியவில்லை. முகம் முழுவதையும் மறைத்துத் தொங்கும், ஃபேஸ் ஷீல்டு என்று வழங்கும் தகடு வெளியே தெறிப்பதையும் ஓரளவு தடுக்கும் என்றாலும், அதுவும் முதன்மையாக அணிபவருக்கான காப்பே.

இவ்வேறுபாட்டிலிருந்து இரண்டு வினாக்கள் பிறக்கின்றன. தன்னை மட்டுமே காத்துக்கொள்ளும் ஒரு செயல் அறத்தின்பாற்படுமா, அல்லது அது அறத்திற்குப் புறம்பான வெறும் முன்னெச்சரிக்கை மட்டும்தானா என்பது முதல் வினா. இரக்கம் கண்ணின் வழியே வெளிப்படுவது என்று பல மரபுகள் கருதிவரும் நிலையில், நோயுற்றவருக்கும் அவரைப் பேணுபவருக்கும் இடையே ஒரு கண்ணாடியை நிறுத்துவது அந்த இரக்கத்தைக் குறைக்குமா என்பது இரண்டாவது. பேணுபவர் தம் கண்ணைக் காத்துக்கொள்வது நோயாளியின் அருகில் நிலைத்திருப்பதற்கு இன்றியமையாத நிபந்தனை என்பதும், அதனால் அது அவருடைய கடமையின் ஒரு பகுதி என்பதும், அந்தக் கடமையைச் செய்யத் தேவையான கண்ணாடியைக் கொடுப்பது அவரைப் பணிக்கு அனுப்புபவரின் கடன் என்பதும் இக்கட்டுரை நிறுவ முயலும் முடிவுகள்.

கண் என்னும் வாயில்

அறவியல் வினாவை எடுப்பதற்கு முன் உடலின் அமைப்பை அறிந்துகொள்வது தேவை. விழியின் வெண்பகுதியையும் இமைகளின் உட்புறத்தையும் ஈரமான மெல்லிய சவ்வு ஒன்று போர்த்தியிருக்கிறது. விழிவெண்படலம் எனப்படும் இச்சவ்வு அழற்சியுற்றுச் சிவப்பதையே தமிழகத்தில் ‘மெட்ராஸ் ஐ’ என்று வழங்குகிறார்கள். ஒவ்வொரு முறை இமைக்கும்போதும் கண்ணீர் இப்படலத்தின் மீது பரவி, இமைகளின் உள்முனையில் உள்ள இரு நுண்துளைகள் வழியே வடிந்து, கண்ணீர்ப் பை வழியாக மூக்கினுள் இறங்குகிறது. அழும்போது மூக்கு ஒழுகுவதும், கண்ணில் விட்ட சொட்டு மருந்தின் கசப்பு சற்று நேரத்தில் தொண்டையில் தெரிவதும் இந்த வழி திறந்தே இருப்பதற்குச் சான்றுகள். எனவே கண்ணில் விழும் திவலை கண்ணோடு நின்றுவிடுவதில்லை. அது மூக்கையும் தொண்டையையும் சென்றடைகிறது. 1918ஆம் ஆண்டின் பெரும் இன்ஃபுளுவென்சாவை ஒட்டி, கென்னத் மேக்சி என்ற மருத்துவர் 1919இல் வெளியிட்ட ஆய்வு இதனைச் சோதனை மூலம் காட்டியது: மூக்கும் வாயும் மூடியிருக்க, கண்ணை மட்டும் திறந்து வைத்தவர்களின் மீது தீங்கற்றதாகக் கருதப்பட்ட ஒரு பாக்டீரியாவைத் தூவியபோது, அது சில நிமிடங்களிலேயே அவர்களுடைய மூக்கில் காணப்பட்டது.

ஒரு நூற்றாண்டுக்குப் பின் வந்த கொரோனா வைரஸ், மனித உயிரணுக்களில் நுழைவதற்கு ஏசிஇ-2 என்ற புரத ஏற்பியைப் பற்றிக்கொள்கிறது. அந்த ஏற்பி விழிவெண்படலத்திலும் இருப்பதாக ஆய்வுகள் கண்டன. 2020 ஜனவரியில் ஊகான் நகருக்குச் சென்ற பெய்ஜிங்கின் நுரையீரல் மருத்துவர் வாங் குவாங்ஃபா, மூச்சுக்கவசம் அணிந்தும் தமக்குத் தொற்று ஏற்பட்டதை எண்ணிப் பார்த்து, காய்ச்சலுக்கு முன்பே தம் இடக்கண் அழற்சியுற்றதை நினைவுகூர்ந்து, கண்ணாடிக் கவசம் அணியாத கண்ணின் வழியே அது நுழைந்திருக்கலாம் என்று வெளிப்படையாகக் கூறினார். அதே நகரின் மத்திய மருத்துவமனையில் கண் மருத்துவராக இருந்த லீ வென்லியாங், 2019 டிசம்பர் 30 அன்று தம் உடன் பயின்ற மருத்துவர்களுக்குப் புதிய நோயைப் பற்றி எச்சரித்ததற்காகக் காவல்துறையின் கண்டிப்புக்கு ஆளானவர். அந்த எச்சரிக்கையில், தற்காப்பு உடைகளை அணிந்துகொள்ளுமாறு அவர் தம் நண்பர்களைக் கேட்டுக்கொண்டிருந்தார். சில நாட்களில், நோய்க்குறி எதுவும் இல்லாமல் கிளாக்கோமா என்னும் கண்ணழுத்த நோய்க்குச் சிகிச்சை பெற வந்த ஒருவரிடமிருந்து அவருக்குத் தொற்று ஏற்பட்டதாகக் கருதப்படுகிறது. 2020 பிப்ரவரி 7 அன்று, 33ஆம் வயதில் அவர் இறந்தார்; அதே மருத்துவமனையின் கண் மருத்துவர்கள் வேறு இருவரும் அடுத்து வந்த வாரங்களில் உயிரிழந்தனர்.

கண் மருத்துவர்களின் தொழில் முறையைப் பார்த்தால் இந்த இடர் விளங்கும். ‘ஸ்லிட் லாம்ப்’ எனப்படும் கருவியில் நோயாளி தாடையை ஒரு தாங்கியில் வைத்து நெற்றியை ஒரு பட்டையில் சாய்த்துக்கொள்ள, மருத்துவர் எதிர்ப்புறத்தில் நுண்ணோக்கி வழியே பார்க்கிறார். இருவர் முகங்களுக்கும் இடையே ஒரு முழத்துக்கும் குறைவான தொலைவே இருக்கும். ஒருவர் கண்ணைக் காப்பதற்காக இன்னொருவர் தம் கண்ணை அதன் எதிரில் கொண்டுவந்து வைக்க வேண்டிய தொழில் அது. லீ வென்லியாங்கின் உடலில் வைரஸ் கண் வழியே சென்றதா, மூச்சு வழியே சென்றதா என்பதை எவராலும் உறுதி செய்ய இயலாது. ஆயினும் பார்ப்பதற்குத் தேவையான நெருக்கமே தொற்றுவதற்கும் போதுமான நெருக்கமாக அமைந்துவிடுகிறது என்ற உண்மை அவர் வாழ்விலும் இறப்பிலும் தெளிவாகத் தெரிகிறது.

தன்னலம் என்ற ஐயம்

சமய வரலாற்றில் நோயாளியோடு தொடர்புடைய மிக உயர்ந்த உருவங்கள் பெரும்பாலும் தடுப்பு எதையும் ஏற்காதவர்களாகவே நினைவுகூரப்படுகிறார்கள். தொழுநோயாளியை அணைத்துக்கொண்ட அசிசியின் பிரான்சிஸும், 1873இல் ஹவாய்த் தீவுகளின் மொலோக்காயில் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த தொழுநோயாளிகளிடையே வாழச் சென்று, அவர்களுடைய புண்களைக் கழுவி, அவர்களோடு உண்டு, கடைசியில் அந்நோயையே பெற்று 1889இல் இறந்த பெல்ஜியப் பாதிரியார் தேமியனும் இதற்கு எடுத்துக்காட்டுகள். இவர்களை அளவுகோலாகக் கொண்டு பார்க்கும்போது, கண்ணாடியும் கையுறையும் மூச்சுக்கவசமும் பூண்டு நோயாளியை அணுகுபவர் அன்பில் ஒரு படி குறைந்தவராகத் தோன்றக்கூடும். தம் உயிரை எண்ணிப் பார்க்கத் தொடங்கிய கணத்திலேயே அவருடைய தொண்டு கலப்படமாகிவிட்டது என்ற கருத்துக்கு இத்தோற்றம் இடம் தருகிறது.

இக்கருத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. தேமியனின் பெருமை உண்மையானது. அதைக் குறைத்துப் பேசுவது நேர்மையாகாது. எனினும் அப்பெருமை எதில் இருந்தது என்று ஆராய வேண்டும். பிறர் விலகிய இடத்தில் அவர் பதினாறு ஆண்டுகள் நிலைத்து இருந்தார். வீடு கட்டினார், நீர் கொண்டுவந்தார், இறந்தவர்களுக்குக் குழி வெட்டினார். அவருக்கு நோய் வந்தது அந்த நிலைத்திருத்தலுக்கு அவர் கொடுத்த விலை. நோயே அவருடைய அறம் என்று கொண்டால், நோயுறாமல் அங்கேயே தொண்டாற்றி முதுமை எய்திய அருட்சகோதரி மரியான் கோப் அறத்தில் தாழ்ந்தவராகிவிடுவார். கைகளைக் கழுவுவதிலும் தூய்மையிலும் அவர் காட்டிய கண்டிப்பு, அவரும் அவருடன் சென்ற சகோதரிகளும் நீண்ட காலம் நோயாளிகளோடு இருக்கத் துணை செய்தது. திருச்சபை இருவரையுமே புனிதர்களாக ஏற்றுக்கொண்டிருப்பது, நோயைப் பெறுவதும் நோயைத் தவிர்ப்பதும் அறத்தின் அளவுகோல்கள் ஆகா என்பதை உணர்த்துகிறது. அருகில் இருத்தலே அளவுகோல்.

தற்காப்புக்கும் பிறர் காப்புக்கும் உள்ள உறவை மிகக் கூர்மையாக ஆராயும் பழைய நூற்பகுதி ஒன்று பௌத்தத்தின் பாலி மொழித் திரிபிடகத்தில், சம்யுத்த நிகாயத்தில் உள்ளது. சேதகம் என்ற ஊரில் புத்தர் துறவிகளுக்குச் சொன்னதாக வரும் அக்கதையில், மூங்கில் கம்பத்தை நிறுத்தி வித்தை காட்டும் கழைக்கூத்தாடி ஒருவர், தம் மாணாக்கராகிய மேதகதாலிகாவைத் தம் மேல் ஏற்றிக்கொண்டு, ஒருவரை ஒருவர் கவனித்துக்கொண்டால் வித்தையைக் காட்டிக் கூலி பெற்றுப் பத்திரமாக இறங்கலாம் என்கிறார். மாணாக்கரோ, அவ்வாறு செய்வது ஆகாது என்றும், ஆசிரியர் தம்மையும் தான் தன்னையும் காத்துக்கொண்டால்தான் இருவரும் பத்திரமாக இறங்க இயலும் என்றும் மறுமொழி கூறுகிறார். புத்தர் மாணாக்கரின் சொல்லையே சரியான முறை என ஏற்கிறார். ஆனால் அதோடு நிறுத்தாமல், தன்னைக் காப்பவர் பிறரைக் காக்கிறார் என்றும், பிறரைக் காப்பவர் தன்னைக் காக்கிறார் என்றும் இரு திசையிலும் விரித்து, முதலாவதற்கு இடைவிடாத மனப் பயிற்சியையும் இரண்டாவதற்குப் பொறுமை, தீங்கு செய்யாமை, அன்பு, இரக்கம் ஆகியவற்றையும் வழிகளாகக் காட்டுகிறார்.

இக்கதை தன்னலத்தைப் போற்றுவதாகப் படிப்பது பிழை. கம்பத்தின் மேல் நிற்பவர் தன் சமநிலையைத் தானே பேணாமல், கீழே நிற்பவர் மீது கண் வைத்திருந்தால் இருவருமே வீழ்வார்கள்; அவருடைய சமநிலை அவருக்கு மட்டும் உரியதாக இல்லை, அது இருவரின் உயிருக்கும் பொதுவானதாக இருக்கிறது. தீவிர சிகிச்சைப் பிரிவில் பணிபுரியும் செவிலியரின் நிலையும் இத்தகையதே. அவருக்குத் தொற்று ஏற்பட்டால் அவரிடம் சிகிச்சை பெறும் நோயாளிகள் ஒரு துணையை இழக்கிறார்கள். நோய்க்குறி தோன்றுமுன் அவர் தொட்ட ஒவ்வொருவரும் இடருக்கு உள்ளாகிறார்கள். அவர் வீட்டில் உள்ள முதியவரும் குழந்தையும் அதில் அடங்குவர். நேரடியாக ஒருவருக்கு மட்டுமே காப்பாகத் தோன்றும் கண்ணாடி, இவ்வாறு அவர் வழியே பலருக்கும் காப்பாகிறது.

எபோலா சிகிச்சை மையங்களில் வழங்கும் ஒரு நடைமுறை இந்த உண்மையின் இரு பக்கங்களையும் ஒருங்கே காட்டுகிறது. அங்கு எவரும் தனியாக நோயாளிகளின் பகுதிக்குள் செல்வதில்லை. இருவர் இருவராகவே செல்கிறார்கள். கண்ணாடியின் விளிம்புக்கும் தலையுறைக்கும் இடையே தோல் சிறிதேனும் தெரிகிறதா என்பதை ஒருவர் மற்றவருக்குப் பார்த்துச் சொல்கிறார், ஏனெனில் தன் கண்ணோரத்தைத் தானே காண எவராலும் முடியாது. வெளியே வந்ததும், கண்ணாடியின் முன்புறம் நச்சுப்பட்டதாகவே கருதப்படுவதால், அதைத் தொடாமல், கண்களை மூடி, தலையைச் சற்றுக் குனிந்து, பின்னால் உள்ள பட்டையைப் பிடித்து மெதுவாகக் கழற்ற வேண்டும். அப்போதும் அருகில் ஒருவர் நின்று ஒவ்வொரு அசைவையும் கவனிக்கிறார். தன் கையைத் தானே அடக்கிக்கொள்ளும் பயிற்சியும், பிறர் மீது வைக்கும் அக்கறையும் இங்கு ஒரே செயலில் இணைகின்றன. அப்பயிற்சி எவ்வளவு அரியது என்பதை, ஆஸ்திரேலியாவில் 26 மருத்துவ மாணவர்களை உற்றுநோக்கி 2015இல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்விலிருந்து அறியலாம்: அவர்கள் தங்களை அறியாமலே மணிக்குச் சராசரியாக 23 முறை முகத்தைத் தொட்டார்கள், கண்ணும் அவ்வாறு தொடப்பட்ட இடங்களுள் ஒன்று. சேதகத்தில் புத்தர் வலியுறுத்திய விழிப்புநிலை, நோய்ப் படுக்கையின் அருகில் உடலோடு ஒட்டிய தேவையாகிறது.

ஐயத்தின் நடுவே செயல்

கண் கவசத்தின் பயன் குறித்துக் கிடைத்துள்ள சான்றுகள் எல்லாம் ஒரே வலிமை உடையவை அல்ல. அவற்றை உள்ளபடி எடுத்துரைப்பதும் அறத்தின் பகுதியே. 16 நாடுகளைச் சேர்ந்த 172 ஆய்வுகளைத் தொகுத்து 2020 ஜூனில் ‘லான்செட்’ இதழில் வெளியான மதிப்பீடு, கண் காப்பு இல்லாதவர்களிடையே ஏறத்தாழ 16 விழுக்காடாக இருந்த தொற்று, அதை அணிந்தவர்களிடையே 5.5 விழுக்காடாக இருந்ததாகக் கணித்ததோடு, அம்முடிவின் உறுதிநிலை குறைவு என்பதையும் சேர்த்தே தெரிவித்தது. சீனாவின் சூய்சோ நகரில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட 276 பேரில், நாளுக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல் மூக்குக்கண்ணாடி அணிபவர்கள் 16 பேர் மட்டுமே என்று கண்ட ஆய்வு பலருடைய கவனத்தை ஈர்த்தது. ஆனால் அவர்களை ஒப்பிடுவதற்கு எடுத்துக்கொண்ட மக்கள்தொகைத் தரவு பல ஆண்டுகளுக்கு முந்தையது என்பதால், அதிலிருந்து காரண காரியத் தொடர்பை நிறுவ இயலவில்லை. நார்வேயில் 2022இல் 3717 பேரைச் சீட்டுக் குலுக்கல் போன்ற முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரை இரண்டு வாரம் பொது இடங்களில் சாதாரணக் கண்ணாடி அணியச் செய்தபோது, தேசியப் பதிவேட்டில் பதிவான தொற்று இரு பிரிவிலும் ஏறத்தாழ சமமாகவே இருந்தது. பக்கங்கள் திறந்த சாதாரண மூக்குக்கண்ணாடியைக் காப்புக் கருவியாக மருத்துவத் துறை ஏற்பதில்லை என்பதோடு இது ஒத்துப்போகிறது.

சென்னையில் நடந்த ஒன்று இவ்வரிசையில் தனித்து நிற்கிறது. 2020 மே மாதத்தில், தொற்று உறுதியானவர்களின் வீடுகளுக்குச் சென்று, அங்கிருந்த நோய்க்குறி அற்ற குடும்பத்தாருக்கு அறிவுரை வழங்கிவந்த களப்பணியாளர்கள் 62 பேர், முகக்கவசமும் கையுறையும் காலணி உறையும் அணிந்தே பணியாற்றினார்கள். 5880 வீடுகளுக்கு அவர்கள் சென்று வந்தபின், 12 பேருக்குத் தொற்று உறுதியானது. பணி சில நாள் நிறுத்தப்பட்டு, கால் மில்லிமீட்டர் தடிமனுள்ள ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தகடு ஒவ்வொருவருக்கும் வழங்கப்பட்டது. எஞ்சிய 50 பேர் அதை அணிந்துகொண்டு ஜூன் இறுதி வரை 18,228 வீடுகளுக்குச் சென்றார்கள்; அவ்வீடுகளில் இருந்தவர்களுள் 2682 பேருக்குப் பின்னர் தொற்று உறுதியானபோதிலும், பணியாளர்களுள் ஒருவருக்கும் தொற்று ஏற்படவில்லை. ‘ஜாமா’ மருத்துவ இதழில் வெளியான இந்தக் கணக்கும் ஐயத்துக்கு அப்பாற்பட்டதன்று: ஒப்பிடுவதற்குத் தகடு அணியாத இணைக்குழு இல்லை, தகடு காத்தது கண்ணையா, முகக்கவசத்தின் மேற்பரப்பையா, முகத்தைத் தொடும் கையையா என்பதைப் பிரித்தறிய வழியும் இல்லை.

முழு உறுதி இல்லாதபோது செயல்படுவது அறிவுடைமை ஆகுமா என்ற வினாவை இந்திய மெய்யியல் நன்கு அறியும். அறிவின் வாயில்களையும் ஐயத்தின் இயல்பையும் நுணுகி ஆராய்ந்த நியாய மரபினர், ஐயம் என்பது விசாரணையைத் தொடங்கி வைப்பது என்று அதற்கு உரிய இடம் அளித்தார்கள்; அதோடு, கண்கூடான உலகியல் செயல்களில் பயன் கிட்டுமா என்ற ஐயத்தோடு கூட மனிதர் முனைவது முறையே என்றும், விளைச்சல் உறுதியாகத் தெரியாமலே உழவர் உழத் தொடங்குவது இதற்குச் சான்று என்றும் கொண்டார்கள். இந்நோக்கில், கண் கவசம் பற்றிய முடிவுக்கு வேண்டியது முழு உறுதி அன்று. செயலின் சுமையும் செயல்படாமையின் கேடும் எடை போடப்பட வேண்டும். மெல்லிய தகடு ஒன்றை நெற்றியில் கட்டிக்கொள்ளும் சுமை சிறியது. தொற்று வீட்டுக்குள் நாள்தோறும் நுழையும் பணியாளருக்கு நேரக்கூடிய கேடு உயிரளவு பெரியது. தெருவில் நடக்கும் பொதுமகனுக்கு இந்த எடை வேறாக அமையலாம் என்பதையே நார்வேயின் ஆய்வு காட்டுகிறது. ஒரே கண்ணாடி ஒருவருக்குக் கடமையாகவும் இன்னொருவருக்கு விருப்பமாகவும் இருக்கக்கூடும். அவரவர் நிற்கும் இடமே அதை முடிவு செய்கிறது.

கண்ணாடி மறைக்கிறதா

இரண்டாவது வினா பேணுபவரைவிடப் பேணப்படுபவரின் பக்கத்திலிருந்து எழுவது. தலை முதல் கால் வரை மூடிய உருவம் ஒன்று தம் படுக்கையருகே வந்து நிற்கும்போது நோயாளிக்கு அச்சம் தோன்றுவது இயல்பு. முகக்கவசம் வாயையும் மூக்கையும் மறைத்த நிலையில் கண்களே எஞ்சியிருக்க, கவசத்தின் மேல்விளிம்பிலிருந்து மேலெழும் வெதுவெதுப்பான மூச்சு கண்ணாடியின் உட்புறத்தில் படிந்து பனித்திரையாகி, அந்தக் கண்களையும் மங்கச் செய்துவிடுகிறது. உறவினர் எவரும் அருகில் வர அனுமதிக்கப்படாத நாட்களில், பலர் கடைசியாகக் கண்டவை இத்தகைய மங்கிய கண்களே. இந்த இழப்பு உண்மையானது. மருத்துவத் தேவையைக் காரணம் காட்டி அதை இல்லை என்று சொல்லிவிடக் கூடாது.

லித்துவேனியாவில் பிறந்து பிரான்சில் வாழ்ந்த மெய்யியலாளர் இம்மானுவேல் லெவினாஸ், 1961இல் வெளிவந்த ‘முழுமையும் முடிவிலியும்’ என்னும் நூலில், பிறருடைய முகத்தை எதிர்கொள்வதிலேயே அறம் தொடங்குகிறது என்றார். காப்பற்ற அம்முகம், தன்னைக் கொல்லாதிருக்குமாறும் தன்னைக் கைவிடாதிருக்குமாறும் காண்பவருக்குக் கட்டளை இடுகிறது என்பது அவர் கொள்கை. இதை மேலோட்டமாகப் படித்தால், முகத்தை மறைக்கும் கவசம் அறத்தின் ஊற்றையே அடைத்துவிடுவதாகத் தோன்றும். ஆனால் லெவினாஸ் முகம் என்று குறித்தது மூக்கு, விழி, நிறம் ஆகியவற்றின் தொகுப்பை அன்று; ஒருவர் கண்ணின் நிறத்தைக் கவனித்துக்கொண்டிருப்பவர் இன்னும் அவரைச் சந்திக்கவில்லை என்பது வரை அவர் சென்றார். அவ்வாறாயின், காப்பற்றவராகக் கிடக்கும் நோயாளியின் முகம் விடுக்கும் கட்டளை, கண்ணாடி அணிந்த செவிலியரையும் குறைவின்றி வந்தடைகிறது. அதை ஏற்று அவர் அருகில் வந்ததனாலேயே கண்ணாடி தேவைப்பட்டது. அக்கட்டளைக்குச் செவிசாய்க்காதவருக்குக் கண் கவசமும் தேவையில்லை, ஏனெனில் அவர் அங்கு வருவதே இல்லை.

நியாய சூத்திரத்தின் மூன்றாம் இயலில் நடக்கும் ஒரு வாதம் இதற்கு எதிர்பாராத வெளிச்சம் தருகிறது. கண் தன் பொருளைச் சென்று தொட்டு அறிகிறதா, தொடாமலே அறிகிறதா என்பது அங்கு ஆராயப்படும் சிக்கல். கண்ணிலிருந்து ஒளிக்கதிர் புறப்பட்டுப் பொருளைச் சேர்கிறது என்பது நியாயக் கொள்கை. எதிர்வாதி, கண்ணாடி, அபிரகம், பளிங்கு ஆகியவற்றுக்கு அப்பால் உள்ள பொருளும் தெரிவதால், கண் பொருளைத் தொடுவதில்லை என்கிறார். அதற்கு விடையாக, சுவருக்கு அப்பால் உள்ளது தெரியாததை எடுத்துக்காட்டி, சுவர் தடுப்பதுபோலப் பளிங்கு தடுப்பதில்லை என்றும், கதிரவனின் கதிர் பளிங்கைக் கடந்து சென்று எரிப்பதுபோலப் பார்வையும் அதைக் கடந்து சென்று பொருளோடு சேர்கிறது என்றும் நிறுவப்படுகிறது. கண்ணிலிருந்து கதிர் புறப்படுவதில்லை, ஒளியே கண்ணுக்குள் வருகிறது என்பதை இன்றைய இயற்பியல் அறிந்திருந்தாலும், அவ்வாதம் காட்டும் வேறுபாடு இன்றும் நிற்கிறது: எல்லாத் தடைகளும் எல்லாவற்றையும் தடுப்பதில்லை. தொற்றுநோய் வந்த காலங்களில் சமூகங்கள் பெரும்பாலும் எழுப்பியவை சுவர்கள். ஊரை விலக்குவது, வீட்டைப் பூட்டுவது, நோயாளியைக் கைவிடுவது ஆகியவை நோயோடு சேர்த்து உறவையும் தடுத்தன. கண்ணாடியோ திவலையைத் தடுத்து, பார்வையைப் போகவிடுகிறது. நோயாளியை ஒதுக்கிவிடாமல் நோயை மட்டும் ஒதுக்க மனிதர் கண்ட வழிகளுள் அதுவும் ஒன்று.

மங்கிப்போகும் குறையையும் அக்கறையால் ஈடுசெய்ய முடியும் என்பதற்கு மேரி பெத் ஹெஃபர்னன் என்ற அமெரிக்கக் கலைஞர் செய்த பணி சான்று. மேற்கு ஆப்பிரிக்காவில் எபோலா பரவிய காலத்தில், லைபீரியாவின் சிகிச்சை மையங்களில் பணியாற்றியவர்களின் சிரித்த முகங்களைப் புகைப்படம் எடுத்து, ஒட்டுத்தாள்களில் அச்சிட்டு, கவச உடையின் மார்புப் பகுதியில் ஒட்டிக்கொள்ள அவர் ஏற்பாடு செய்தார். 2020இல் கொரோனா காலத்தில் அமெரிக்க மருத்துவமனைகளிலும் அம்முறை பின்பற்றப்பட்டது. கண்ணாடியைக் கழற்றாமலே முகத்தைத் திருப்பித் தர இயலும் என்றால், காப்பும் கனிவும் ஒன்றுக்கொன்று பகையானவை என்ற எண்ணத்துக்கு அடிப்படை இல்லை.

யாருடைய கடன்

பேணுபவர் தம் கண்ணைக் காப்பது கடமை என்று ஏற்றுக்கொண்டால், அக்கடமையைச் செய்வதற்கான கருவி அவர் கையில் இருக்க வேண்டும் என்பதும் உடன் வரும் முடிவு. ஒருவரால் செய்ய இயலாததை அவருடைய கடமை என்று சொல்வது நீதியாகாது. 2020 மார்ச் 3 அன்று உலக சுகாதார நிறுவனம், பெருந்தொற்றை எதிர்கொள்ள உலகுக்கு மாதந்தோறும் 8 கோடியே 90 லட்சம் முகக்கவசங்களும் 7 கோடியே 60 லட்சம் கையுறைகளும் 16 லட்சம் பாதுகாப்புக் கண்ணாடிகளும் தேவைப்படும் என்று மதிப்பிட்டு, உற்பத்தியை 40 விழுக்காடு உயர்த்த வேண்டும் என்று கேட்டுக்கொண்டது. தட்டுப்பாடு வந்தபோது எது யாருக்கு என்ற பங்கீடு, தொழிலின் இடரைவிடப் பதவியின் உயரத்தைப் பின்பற்றும் ஆபத்து எங்கும் இருந்தது. நோயாளியின் படுக்கை விரிப்பைச் சுருட்டி எடுப்பவர், மருத்துவக் கழிவைப் பையில் கட்டுபவர், தரையில் கிருமிநாசினி தெளிப்பவர், உடலைச் சுமந்து சென்று எரியூட்டுபவர் ஆகியோரின் கண்ணிலும் மருத்துவரின் கண்ணில் உள்ள அதே படலமும் அதே நுண்துளைகளும் உள்ளன. கிருமிநாசினியாகப் பயன்படும் குளோரின் கரைசல் தெறித்தால் கண்ணைப் புண்ணாக்கும் என்பதால், தூய்மைப் பணியாளருக்கு வைரஸோடு வேதிப்பொருளின் இடரும் சேர்ந்தே இருக்கிறது.

திருக்குறள், கண்ணால் வெளிப்படும் பரிவைப் பற்றிய அதிகாரத்தைப் பொருட்பாலில், ஆள்பவருக்கு உரிய பண்புகளைக் கூறும் அதிகாரங்களின் நடுவே அமைத்திருப்பது இங்கு எண்ணத்தக்கது. தனிமனிதரின் மென்மையாக மட்டும் கருதப்படக்கூடிய ஒரு குணம், ஆட்சியின் கடமையாக அங்கு வைக்கப்படுகிறது. பெருந்தொற்றுக் காலத்தில் பரிவை நோயாளியின் அருகில் நிற்கும் செவிலியரிடம் மட்டும் எதிர்பார்த்துவிட்டு, அவரை அங்கு அனுப்பியவர்கள் புகழுரையோடு நின்றுவிடுவது அறத்தைத் தலைகீழாக்குவதாகும். சென்னையில் 12 பேருக்குத் தொற்று உறுதியானதும் பணியை நிறுத்தி, எஞ்சியவர்களுக்குத் தகடு கொடுத்து, அதன்பின்பே அவர்களை மறுபடியும் தெருக்களுக்கு அனுப்பிய முடிவில்தான் அனுப்புபவரின் பரிவு செயலாயிற்று. கவசம் இன்றிப் பணியாற்றி இறந்தவரைத் தியாகி என்று போற்றுவது எளிது. அத்தியாகத்தைத் தேவையற்றதாக்கும் விலை குறைந்த கண்ணாடியை உரிய நேரத்தில் கொடுப்பது போற்றுவதினும் உயர்ந்த மரியாதை.

மேற்கண்ட ஆராய்ச்சியிலிருந்து முதல் வினாவுக்கு விடை கிடைக்கிறது. தன்னைக் காத்தல் எப்போதும் அறமாகிவிடுவதில்லை. விலகி ஓடுவதற்காகத் தன்னைக் காப்பவரும் உண்டு, பிறருக்குக் கிட்டாதவாறு கவசங்களைத் திரட்டிக்கொண்டு தன்னைக் காப்பவரும் உண்டு. அருகில் வருவதற்காகவும், வந்த இடத்தில் நாளையும் மறுநாளும் நிற்பதற்காகவும் தன்னைக் காக்கும்போது அந்தக் காப்பு அறமாகிறது. இரண்டாம் வினாவுக்கும் அதிலேயே விடை உள்ளது: இரக்கம் கண்ணில் தங்கியிருப்பது உண்மையானால், அந்தக் கண்ணை நோயுறாமல் வைத்திருப்பது இரக்கத்தின் வேலைகளுள் ஒன்றாகும். அடுத்த பெருந்தொற்று எவ்வடிவில் வந்தாலும், கண்ணாடிகளை முன்கூட்டியே செய்து சேமித்து வைப்பதையும், அவற்றை அணியவும் கழற்றவும் ஒவ்வொரு பணியாளருக்கும் பயிற்சி அளிப்பதையும், பங்கீட்டில் இடரை மட்டுமே அளவாகக் கொள்வதையும் ஒரு சமூகம் கிடங்குக் கணக்காக மட்டும் எண்ணாமல் தன் அறத்தின் கணக்காகவே கொள்ள வேண்டும்.